இன்ஜினுக்குப் போட்ட கையுறை

எங்கள் பழைய காருக்கு வந்திருந்தது, டாக்டரைப் பார்த்ததும் குணமாகிவிடுகிற நோய். காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து கிளம்பியதும் தும்ம ஆரம்பிக்கும். நிற்கப்போகிற மாதிரி உடம்பைக் குலுக்கும். சிவாஜிநகரில் மெக்கானிக் பாயின் பட்டறைக்குள் நுழைகிறபோது, இன்ஸ்பெக்‌ஷன் நாளில் எங்கள் வகுப்பு இருப்பதுபோல அத்தனை ஒழுங்காக இருக்கும்.

எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு எட்டாம் மாதம். அந்த மழைக்காலம் முழுக்க எனக்குத் தூக்கக் கலக்கமாகத்தான் நினைவிருக்கிறது. செக்கப் நாட்களில் பின்சீட்டில் அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டு கண்ணை மூடுவேன். தூறல், வைப்பரின் சத்தம், கண்ணாடிக்கு மேலே நழுவிப்போகும் மரக்கிளைகள், எங்கோ ஒரு கோயில் மணி, எல்லாம் ஒன்றாகக் கலந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகும். அப்போது கார் ஒரு தும்மல் போடும். கனவில் படி தவறியவள்போல விழித்துக்கொள்வேன்.

வேடிக்கை என்னவென்றால், என்னைப் பள்ளியில் விடப் போகும்போது கார் தும்முவதே இல்லை. அம்மா ஏறுகிற நாளில் மட்டும்தான். தன் எடை தாங்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். வலி எடுத்த பிறகு நடுரோட்டில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே அவருக்கு அப்போது சாப்பாடும் தூக்கமும். பாய் பிளக்கை மாற்றினார், கார்பரேட்டரைக் கழுவினார், கை வைக்காத இடமில்லை. கடைசியில், தும்முகிற இடத்துக்கே வந்து பார்க்கிறேன் என்று ஒரு செக்கப் நாள் காலையில் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் கேட்டைத் திறந்தபோது அத்தை தன் வேலையில் இருந்தாள். அத்தை, அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு கோலார் தங்கவயலிலிருந்து வந்து எங்களோடு இருந்தவள். மாதா கோயிலில் பாட்டிலில் பிடித்து வந்த தீர்த்தத்தை எல்லோரும் வண்டியின் மேலே நாலு சொட்டு தெளிப்பார்கள். அத்தைக்கு அது போதாது. ஆளைச் சுமப்பது கூரையா, இன்ஜினா? அதனால் பானெட்டைத் தூக்கி, நடுவில் ஐந்து ஒயர் முளைத்த கறுப்பு மூடிதான் வண்டியின் இதயம் என்று தானே முடிவு செய்து, சிலுவை போட்டு அதன் தலையில் தாராளமாக ஊற்றுவாள். அப்பா அந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருப்பார். செக்கப் நாள்தோறும் நான் பார்த்தவள்தான். எல்லா வீட்டுக் காரும் வெளியூர் போகிறவர்கள்போலக் குளித்துவிட்டுத்தான் கிளம்பும் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் காருக்கு மட்டும் அத்தை குளியலில் விலக்கு கொடுத்திருந்தாள்.

அத்தை உள்ளே போகும்வரை பாய் வாய் திறக்கவில்லை. பிறகு அந்த மூடியைக் கழற்றித் துடைத்து, மயிரிழைபோல ஓடிய விரிசலை அப்பாவுக்குக் காட்டினார். ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் அதிலிருந்துதான் பிரிந்து போகிறதாம். விரிசலில் ஈரம் இறங்கினால் கரண்ட் வழிதவறிவிடும், இன்ஜின் தும்மும். பட்டறைக்கு வருவதற்குள் சூட்டில் காய்ந்துவிடும், நோய் போய்விடும். பழைய மாடல் என்பதால் புது மூடி வரப் பத்து நாளாகும். பாய் யோசித்துவிட்டு, பையிலிருந்து மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை எடுத்தார். ஐந்து விரல் நுனிகளையும் வெட்டி, விரலுக்கொரு ஒயராக நுழைத்து, மூடிக்கு மாட்டி, அடியில் நூலால் கட்டினார். இன்ஜினை ஓடவிட்டு ஒரு மக் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். அது அசரவில்லை.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "எங்க அக்கா காதுல இத போட வேணாம் பாய்."

"நான் எதயும் பாக்கலயே சார்," என்றார் பாய்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பலமாகத் தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள் எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் தீர்கிற விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு ரகசியம்? வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். மூன்றாம் நாள் அத்தை எனக்குத் தலை வாரும்போது அந்தப் பெயரைக் காப்பாற்றினேன். விரிசல், கரண்ட், கையுறை எல்லாவற்றையும் இன்ஜினியர்போல விளக்கிவிட்டு, "நீங்க ஊத்தற தண்ணிலதான் அத்தை வண்டி நின்னு நின்னு போச்சு," என்றேன்.

சீப்பு நின்றது.

"எத்தினி நாளா?"

"அம்மாவ கூட்டினு போன எல்லா நாளும்."

அத்தை பின்னலை முடித்து, ரிப்பனைப் பூப்போலக் கட்டிவிட்டு எழுந்து போனாள். திட்டு விழவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

அம்மாவுக்கு வலி எடுத்தது ஒரு விடிகாலையில். தெருவெல்லாம் பனியும் தூறலும். பிளாஸ்க், துணிப்பை எல்லாம் அத்தைதான் ஏற்றினாள். அம்மாவை உட்காரவைத்துப் புடவையைச் சரிசெய்தாள். பிறகு கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

"ஏறுக்கா," என்றார் அப்பா.

"நீங்க போங்க. நான் பஸ்ல வந்துடறேன்."

அப்பா இறங்கி அவளிடம் போனார். கையுறை போட்டாச்சு, இனி ஒன்றும் ஆகாது என்று தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அத்தை இன்னும் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கைகளைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள். அப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அர்த்தம் புரியவில்லை.

அம்மா அதை எனக்குச் சொன்னது நான் கல்யாணம் ஆகி, வயிற்றில் பிள்ளையோடு வந்து நின்றபோது. தங்கவயலில் அத்தைக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். பிள்ளை தங்கவில்லை. பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை. அன்று ஜீப்பில் அப்பாவும் இருந்திருக்கிறார்.

அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கார் தெருமுனைவரை ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மிதந்துபோனது. பனியில் அத்தை கேட்டருகே அப்படியே நின்றிருந்தாள். நான் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அவளுக்குக் கேட்கவேண்டுமே என்று தெருவே எழும்படிக் கத்தினேன்.

"பாத்தீங்களா அத்தை, இன்னிக்கு தும்மவே இல்ல."

கேட்டதும் அத்தை சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.