சவெத்தாவின் வாய்

சவெத்தா வாயைத் திறந்தால் ரயில் தோற்றுவிடும் என்று குவீன்ஸில் குடியேறிய ருமேனியர்கள் சொல்வார்கள். மிகையில்லை. திருவிழா நடக்கிற தெருவின் முனையில், தலைக்கு மேலே, இரும்புத் தூண்களின்மீது ரயில் ஓடுகிறது. அது கடக்கும்போது மேடையில் பேசுகிறவர்கள் மைக்கைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். பாதிரியார் காத்திருப்பார். பிடில்காரர் வில்லை இறக்கிவிடுவார். சவெத்தா மட்டும் நிறுத்தமாட்டாள். அவளுக்கு மைக்கும் வேண்டியதில்லை.

அவள் பிழைப்பு பள்ளிப் பேருந்து ஓட்டுவது. கண்ணாடியில் ஒரு பார்வை, பின்னால் ஒரு சத்தம், அவ்வளவுதான், பேருந்து அடங்கிவிடும். வருடத்தில் ஒருநாள், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தொண்டைக்கு வேறு வேலை. கைகோத்த வட்ட ஆட்டம் சூடுபிடித்ததும் நடுவில் இறங்குவாள். தரையைக் காலால் உதைத்து, ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு வரியில் கிண்டல் கட்டிக் கத்துவாள். அவள் பிறந்த மராமுரேஷ் பக்கத்தில் இது இல்லாமல் ஆட்டமே கிடையாது.

வரிகளை எழுதிவைத்துக்கொண்டு வருகிற வழக்கமில்லை. ஆளைப் பார்க்க வேண்டும், பார்த்த இடத்தில் வர வேண்டும். இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டவள், கார் ஓட்டும் தேர்வில் மறுபடியும் தோற்றவன், முடிக்குச் சாயம் போட்டவன், எல்லோருக்கும் உண்டு. வாங்கிக்கட்டிக்கொண்டவன் சிரிக்க வேண்டும். முடிந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். கோபித்துக்கொண்டால் அந்தக் கோபத்துக்கும் ஒரு வரி வரும்.

திருவிழா தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு டேப் ரெக்கார்டரோடு நடந்துகொண்டிருந்த காலத்தில் அவள் இந்த ஊருக்கு வந்தாள். இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் அவளைத் தெரியாது. அன்றைய கமிட்டித் தலைவர் பேச ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் தவித்தபோது, பின்வரிசையிலிருந்து அவள் இரண்டு வரி விட்டாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேச்சும் அத்தோடு முடிந்தது. அதன்பிறகு அவளை யாரும் கூப்பிடவும் இல்லை, கூப்பிட வேண்டியிருக்கவும் இல்லை. நடுவில் அவள் இடம் அவளுடையதாகிவிட்டது.

இந்த வருடம் திருவிழாவுக்கு முந்தின வாரம், கமிட்டிச் செயலாளர் லுக்ரேசியா பேருந்துக் கொட்டகைக்கே தேடிக்கொண்டு வந்தாள். புக்கரெஸ்ட்காரி. கைப்பை வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

“சவெத்தாக்கா, கோவிச்சுக்காதீங்க.”

“கோவிச்சுக்குற மாதிரி ஏதோ சொல்லப் போறே. சொல்லு.”

“இந்த வருசம் மட்டும் நீங்க கொஞ்சம் ஓய்வா இருக்கலாமேன்னு...”

“எனக்குக் களைப்புன்னு யாருடி சொன்னா?”

லுக்ரேசியா பெருமூச்சு விட்டாள். “கொர்னேல் அண்ணன் சொல்லிட்டாரு. நீங்க நடுவுல நின்னா அவரு அடுப்பு பத்த வைக்க மாட்டாராம்.”

சவெத்தா சிரிக்கப் போனாள். பாதியில் நின்றது. கொர்னேல் இறைச்சிக்கடைக்காரன். இறைச்சியில் பூண்டு போட்டுப் பிசைந்து, தோலில்லாமல் விரல் விரலாக உருட்டி, கரியில் சுடுகிற மீச்சை அவனைப்போல இந்த நகரத்தில் யாரும் செய்வதில்லை. நாட்டியம், கொடி, பேச்சு எல்லாம் இருக்கட்டும். ஜனம் வருவது அந்தப் புகையைத் தேடித்தான். அடுப்பு எரியாவிட்டால் மத்தியானத்துக்குள் தெரு காலி.

“என்ன கோவமாம் அவனுக்கு?”

“கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. போன வருசம் நீங்க ஏதாச்சும் சொல்லியிருப்பீங்க.”

“சொல்லியிருப்பேன். யாரைத்தான் சொல்லல? உன்னைச் சொல்லலையா?”

“சொன்னீங்களே. நான் சுட்ட கேக்கை அடுக்கிச் சுவர் எழுப்பலாம்னு.”

“தப்பா?”

“கல்லாத்தான் இருந்துச்சு. ஒத்துக்குறேன்.” லுக்ரேசியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். “ஒரே ஒரு வருசம்க்கா.”

“ஒரு வருசம் விட்டா அடுத்த வருசம் அந்த எடத்துல எவனாவது மைக்கைப் புடிச்சுக்கிட்டு ஜோக் சொல்லிட்டு நிப்பான். போ. நான் பாத்துக்குறேன்.”

வீட்டுக்குப் போய் நினைவைக் கிளறினாள். போன வருடம் கத்தின ஒவ்வொன்றும் வந்தது. கொர்னேலைப் பற்றினது மட்டும் வரவில்லை. புருஷன் கவ்ரிலிடம் கேட்டாள். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கேட்ட கேள்விக்கு மட்டும், அதுவும் மென்று விழுங்கியபிறகு, பதில் சொல்லுவான்.

“போன வருசம் கொர்னேலை நான் என்ன சொன்னேன்?”

கவ்ரில் மென்றான். “ஒண்ணும் சொல்லலையே.”

“நல்லா யோசி.”

“யோசிச்சுட்டேன். நான் அடுப்புகிட்டத்தான் நின்னேன். நீ பக்கத்துல வந்தே. அவன் நிமிர்ந்து பாத்தான். நீ அந்தாண்ட போயிட்டே.”



சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனாள். மறுநாளைக்கான இறைச்சியை கொர்னேல் பிசைந்து முடித்திருந்தான். பெரிய பெரிய தட்டுகள் துணி மூடி இருந்தன. இவளைப் பார்த்ததும் முன்கவசத்தில் கையைத் துடைத்தான்.

“என்ன வேணும்?”

“பேசணும்.”

“அது இங்க விக்கிறதில்ல.”

“இனாமா குடு. நான் உன்னை என்ன சொல்லிட்டேன்?”

“ஒண்ணும் சொல்லல.”

“அப்புறம் என்ன கேடு உனக்கு?”

“அதான் சொன்னேனே. ஒண்ணும் சொல்லல.” கொர்னேல் கத்தியை எடுத்தான். வெட்ட ஒன்றுமில்லை என்பது தெரிந்து கீழே வைத்தான். “என் வீட்டுக்காரி தோம்னிக்கா போனாளே, அந்த வருசம் விட்டே. சரி. துக்கக்காரனை யாரும் சொல்ல மாட்டாங்க. முறை எனக்கும் தெரியும். போன வருசம்? துக்கத்துக்குப் போட்ட கறுப்பைக் கழட்டிட்டுத்தானே நின்னேன்? பாதிரியார் தாடியைச் சொன்னே. பல் டாக்டரைச் சொன்னே. எதிர்க் கடைக் கொரியாக்காரன், அவன் நம்மாளுகூடக் கிடையாது, சும்மா வேடிக்கை பாக்க வந்தவன், அவனையும் விடல. என்கிட்ட வந்து, மூஞ்சியைப் பாத்துட்டு, தாண்டிப் போனே. பொணத்தைத் தாண்டிப் போற மாதிரி.”

சவெத்தா பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் சொன்னதில்லை.

“வரல கொர்னேல்.”

“உனக்கா?”

“ஆமா, எனக்குத்தான். உன்னைப் பாத்தேன், அவதான் தெரிஞ்சா. வாய் நின்னு போச்சு. அதுவரைக்கும் அப்படி ஆனதே இல்ல.”

“வராதவளுக்கு நடுவுல என்ன வேலை?”

நியாயமான கேள்வி. அவளே அதைத்தான் கேட்டிருப்பாள்.

“நாளைக்கு அடுப்பைப் பத்த வை. உனக்கு ஒண்ணு வரும்.”

“இப்பவே சொல்லேன்.”

“இப்ப எங்க இருக்கு அது? நாளைக்கு வரும்.”

கொர்னேல் அவளை அளப்பதுபோல் பார்த்தான். “பத்த வைக்குறேன். ஆனா நீ மறுபடி தாண்டிப் போனேன்னு வை, இல்ல பாவம் பரிதாபம்னு எதையாவது பாடுனேன்னு வை, வாளித் தண்ணியை அடுப்புல கொட்டிட்டு வீட்டுக்குப் போயிருவேன். அதுக்கப்புறம் நீ எந்த வருசமும் நடுவுல வரக் கூடாது.”

“வர மாட்டேன்.”

அன்றைக்கு அவள் எதையும் யோசித்துவைக்கவில்லை. யோசித்துவைக்கிறவன் ஆளைப் பார்ப்பதில்லை, யோசித்துவைத்ததைப் பார்க்கிறான் என்பது அவள் கட்சி. முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டினாள். பாவாடைக்கு இஸ்திரி போட்டாள். நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தெரு நிறைந்தது. தடுப்புக் கட்டைகளைத் தாண்டிப் புகை ரயில் பாதைவரை எழும்பியிருந்தது. அடுப்பு எரிகிறது. அதுவரைக்கும் சரி. சவெத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அடுப்புக்கு முன்னால் ஜனம் வரிசையில் நின்றது. வரிசை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. சிலர் கடுகுச் சாந்துக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வானத்தைப் பார்த்தார்கள்.

கொர்னேல் திருவிழாச் சட்டை போட்டிருந்தான். எல்லா ஆண்களும் போட்டிருக்கிற அதே கைத்தையல் சட்டை, அகலக் கை, மார்பில் கறுப்புப் பூவேலை. மற்றவர்களுடையது வெள்ளை. அவனுடையது ரோஜா நிறம். வெளிறின ரோஜா கூட இல்லை. குழந்தைகளின் பிறந்தநாள் பலூன் நிறம்.

லுக்ரேசியா அவள் முழங்கையைப் பிடித்தாள். “பாத்தீங்களா? மிஷின்ல எதையோ சேத்துப் போட்டுத் துவைச்சிருக்காரு. தோம்னிக்கா இருந்தா இப்படி ஆகுமா? பாவம். யாரும் கண்டுக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

“எல்லார்கிட்டயுமா?”

“பாதிரியார்கிட்டகூட.”

சவெத்தா கொர்னேலைப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில் நின்ற அந்த மனிதனுடைய கண்ணை யாரும் பார்க்கவில்லை. மீச்சை வாங்கினார்கள், நன்றி சொன்னார்கள், அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவன் காலடியில் தண்ணீர் வாளி இருந்தது.

பிடில் ஆரம்பித்தது. மத்தளம் சேர்ந்துகொண்டது. கைகோத்து வட்டம் சுழலத் தொடங்கியது. சவெத்தா பாவாடையைத் தட்டிவிட்டு நடுவில் இறங்கினாள். லுக்ரேசியா தலையைப் பிடித்துக்கொண்டாள். சவெத்தா பல் டாக்டரைப் பார்த்தாள், காலை உதைத்தாள்.

“டாக்டரு ஒவீதியு புதுக் காரு வாங்கினாரு,
நிறுத்த எடம் இல்லாம நேத்துலேந்து சுத்துறாரு!”

கூட்டம் கொக்கரித்தது. டாக்டர் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டார். இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்தாள். பிறகு வட்டத்தின் விளிம்புக்கு, அடுப்புப் பக்கமாக நடந்தாள். ஆடுகிறவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆட்டம் தளர்ந்தது. “வேண்டாம்க்கா,” என்று யாரோ சொன்னார்கள். தலைக்கு மேலே ரயில் வந்தது. பிடில்காரர் பழக்கப்படி வில்லை இறக்கினார்.

கொர்னேல் நிமிர்ந்தான். இடுக்கி அவன் கையில் அசையாமல் நின்றது.

சவெத்தா அவனைப் பார்த்தாள். இந்தத் தடவையும் தோம்னிக்கா தெரிந்தாள், தெரியத்தான் செய்தாள். தெரியட்டும் என்று விட்டுவிட்டுச் சட்டையைப் பார்த்தாள். காலை ஓங்கி உதைத்தாள். ரயிலுக்கு மேலே அவள் குரல் ஏறியது.

“எலும்பையெல்லாம் எண்ணி வெட்டும் எங்க கொர்னேலு,
எடுத்து உடுத்தி வந்ததென்ன பொம்பளப்புள்ள ஸ்டைலு!”

யாரும் சிரிக்கவில்லை. ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

“பொண்டாட்டி போனா புத்தியும் கூடப் போகணுமா?
வெள்ளைச் சட்டை கூடச் செவப்புத் துண்டு சேரணுமா?”

ரயில் போய்விட்டது. அவள் குரல் தெருவில் தனியாகக் கிடந்தது. பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். லுக்ரேசியா கண்ணை மூடியிருந்தாள். செத்துப்போனவளை நடு ஆட்டத்தில் இழுத்தது யாருக்கும் நினைவு தெரிந்து நடந்ததில்லை.

கொர்னேல் குனிந்தான். வாளிக்குத்தான் குனிகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சவெத்தாவும் நினைத்தாள். ஆனால் நகரவில்லை. வந்தது வந்துவிட்டது. இதைவிட நல்லதாக ஒன்று அவளிடம் இல்லை, இருக்கவும் முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அவன் சட்டையைத்தான் பார்த்தான். முன்பக்கத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, அப்போதுதான் காண்பதுபோலப் பார்த்தான்.

“துண்டு இல்லடி,” என்றான். “சிவப்புக் காலுறை. ஒத்தைக் காலுறை. மிஷினுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு.”

எங்கோ ஒருவர் களுக்கென்றார். கொர்னேல் இடுக்கியை அடுப்போரம் வைத்தான். அடுப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். கனத்த காலைத் தூக்கித் தரையை உதைத்தான். அவன் குரல் கரகரவென்று, பல நாள் திறக்காத கதவுபோல வந்தது.

“பள்ளிக்கூட பஸ்ஸு ஓட்டித் தொண்டை கெட்ட சவெத்தா,
பாட்டு ஒண்ணு கட்டுறதுக்கு ரெண்டு வருசம் எடுத்தா!”

தெரு வெடித்தது. ஓவென்ற சத்தத்தில் இரும்புத் தூண்களின்மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன. கவ்ரில் வாயில் இருந்ததை விழுங்காமலேயே சிரித்தான். சவெத்தா தோற்றவள் செய்யவேண்டியபடி இரண்டு கையையும் இடுப்பிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள். முகம் சிவந்திருந்தது. பல வருடங்களாக யாரும் அவளை இப்படி நேருக்கு நேர் அடித்ததில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

பாதிரியாரும் டாக்டரும் கையை விட்டு இடைவெளி உண்டாக்கினார்கள். ரோஜாச் சட்டை வட்டத்துக்குள் நுழைந்தது. பிடில்காரர் யாரும் கேட்காமலே வேகத்தைக் கூட்டினார்.

“அண்ணே, கருகுது!” என்று வரிசையிலிருந்து கத்தினார்கள்.

“கருகட்டும். கையில்லையா உங்களுக்கு? திருப்பிப் போட்டுக்கங்க!”

வரிசையில் நின்றவர்கள் இடுக்கிக்காக அடித்துக்கொண்டார்கள். வட்டம் ஒரு சுற்று முடிந்து கொர்னேல் மறுபடி சவெத்தாவுக்கு எதிரே வந்தபோது, அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் அவன் தொப்பையைப் பார்த்தாள். அடுத்த வரி வந்துவிட்டது. காலைத் தூக்கினாள்.