மச்சான் ஊற்றி வைத்த கிளாஸ்

வயிற்றைச் சுருக்கிவிட்டார்கள், வாயை யாரும் சுருக்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து மதுரையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இருந்த தொல்லை அதுதான். பசி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆனால் பொழுது கொஞ்சம் ஏறினால் போதும், கை தானாக எதையாவது தேடும். மேசை டிராயரைத் திறப்பேன், மூடுவேன். எழுந்து வாசல் வரை போவேன், திரும்பி வருவேன். உட்கார முடியாத உடம்போடு முப்பது வருஷம் உட்கார்ந்தே இருந்தவன், உட்காரத் தோதான உடம்பு கிடைத்ததும் உட்கார மாட்டேன் என்றேன்.

கோவில்பட்டியில் எனக்கு ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ். போர்டில் தொழிற்சாலை என்றுதான் எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் அதை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே இருந்த நாற்காலியிலேயே என் எடை நூற்று முப்பது கிலோவுக்குப் போய்விட்டது. மாடிப்படி ஏற முடியாது. மல்லாந்து படுத்தால் மூச்சடைக்கும். சர்க்கரை வேறு. கடைசியில் ஒரு டாக்டர் என் வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்துவிட்டார்.

என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று சொல்ல வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தண்ணீரைக்கூட மடக்கு மடக்காகத்தான் குடிக்க வேண்டும் என்றாள். சோடா, கலர், பீர் எதுவும் ஆகாது. உள்ளே போகிற கேஸ் விரிவதற்கு இடமில்லை என்றாள். குடியைப் பற்றிய பேச்சையும் அவளே எடுத்தாள். "ஒரு வருஷத்துக்கு ட்ரிங்க்ஸ் பக்கமே போகாதீங்க அங்கிள். அதுக்கப்புறமும் கவனமா இருக்கணும். முன்ன மாதிரி மெதுவா ஏறாது, நேரா தலைக்குப் போயிரும். சாப்பாட்டு மேல இருந்த ஆசை குடி மேல திரும்பிரும், நிறைய பேருக்கு அப்படி ஆகுது." சரி சரி என்று தலையை ஆட்டினேன். சாப்பாடும் இல்லை, குடியும் இல்லை என்றால் மனுஷன் மாலை நேரத்தில் என்ன செய்வான் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாசி வெயில் ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆபீஸ் ஃபிரிட்ஜில் வியாபாரிகளுக்காக வைத்திருந்த பன்னீர் சோடா ஒன்றைத் திறந்து, ஒரே ஒரு வாய் குடித்தேன். நெஞ்செலும்புக்குக் கீழே யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவது போல வலி. ஏப்பம் வரும், வந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தால், அது வரவே இல்லை. குச்சி அடுக்கும் ரேக்குகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்தேன். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள், முதலாளி இன்றைக்கு என்ன வேலையை ரொம்பக் கண்காணிக்கிறார் என்று குனிந்த தலை நிமிராமல் ஒட்டினார்கள். அன்றைக்கு உருப்படி கூடுதல்.

இந்த ஆபரேஷன் விஷயம் என் மனைவியையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. வேறு ஊரில் வேலை பார்த்த மகளுக்கே எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னோம். அப்போது அவளுக்கு மாப்பிள்ளை பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "அப்பனுக்கு வயித்த அறுத்துருக்குன்னு தெரிஞ்சா, என்ன வியாதியோ ஏதோன்னு அவிய பேசுவாவ. கல்யாணம் முடியட்டும்," என்றாள் மனைவி. அவளுடைய அண்ணனிடமாவது சொல்லலாமா என்று கேட்டேன். "அவன்கிட்ட சொல்லுததும் விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுல மைக் போட்டு சொல்லுததும் ஒண்ணுதான்," என்றாள். அது உண்மைதான். இரண்டு கிளாஸ் உள்ளே போனால் அவர் வாயில் எதுவும் நிற்காது.

அந்த இரண்டு கிளாஸும் என்னோடுதான் போகும். விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் அவருக்கு மிளகாய்க் காடு. வத்தல் போட்டு வைக்கிற கொட்டகை ஒன்று உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் நான் அங்கே போய்விடுவேன். அவருக்குப் பிராந்தி, எனக்குப் பாதி பிராந்தி, பாதி கலர், முழுசாகக் கோழி வறுவல். கல்யாணமான நாளிலிருந்து நடந்த பழக்கம். ஆபரேஷனுக்கு முன்பே குடியை நிறுத்தச் சொன்னதால், கார்த்திகையிலேயே போவதை விட்டேன். ஆபீஸில் வேலை என்றேன், கால் வலி என்றேன். அவரும் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார். நான் இளைத்துப்போனதும், நடைப்பயிற்சி என்று ஊருக்குச் சொன்ன கதையும் அவர் காதுக்குப் போயிருக்கிறது.

மகளுக்கு வைகாசியில் கல்யாணம் முடிவானது. எங்கள் பக்கம் சாமிக்கு வைத்தபிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். பெண்ணை மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டி வர வேண்டியவர் அவர். அவர் வராத கல்யாணத்தில் எவ்வளவு பேர் வந்தாலும், பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் துணை இல்லை என்றுதான் பேசுவார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் காரில் போனோம்.

மச்சான் வீட்டில் இல்லை, கொட்டகையில் இருக்கிறார் என்றார்கள். நாங்கள் வருவது தெரிந்தேதான் அங்கே இருந்தார். கட்டிலில் உட்கார்ந்தபடி "வாரும் மாப்ள," என்றார். தங்கையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மனைவி தட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஒரு கிளாஸில் பிராந்தியை ஊற்றி, சோடாவை உடைத்து நிரப்பி, என் முன்னால் ஸ்டூலில் வைத்தார். நுரை பொங்கி வழிந்தது.

"மொதல்ல இத குடியும். பெறவு தட்ட வாங்குதேன்."

"மச்சான், இப்ப குடிக்கதில்ல."

"அது தெரியும். ஏன் குடிக்கதில்லன்னுதான் தெரியல. நீரு மெலிஞ்சீரு, பணக்கார சம்பந்தம் பிடிச்சீரு. காட்டுக்காரன் கொட்டகையில உக்கார ஒமக்கு இனி கவுரவம் இடிக்கும். அப்படித்தான?"

"அப்படில்லாம் இல்ல அண்ணே," என்றாள் மனைவி.

"நீ சும்மா இருட்டி. நான் மாப்ளகிட்ட பேசுதேன்."

அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை வந்தது. சொல்வதற்கென்ன, வாயில் எச்சில் ஊறியது. குடித்துவிடலாம், என்ன ஆகிவிடும் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த முஷ்டியும் ஞாபகம் வந்தது. இங்கே சுருண்டு விழுந்தால் கல்யாணமே நின்றுவிடும். வேறு வழியில்லாமல் எழுந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். பனியனைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். விரல் நகத்தளவுக்கு ஐந்து தழும்புகள். மெலிந்த பிறகு தொங்கிய தோலில் அவை இன்னும் சிவப்பாகவே இருந்தன. விஷயத்தைச் சொன்னேன்.

மச்சான் எழுந்து கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கோபம் அடங்கிவிட்டது, இனிக் கட்டிப்பிடிப்பார், அல்லது என்னைக் கேலி செய்வார் என்றுதான் நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தங்கையைப் பார்த்தார்.

"எப்ப நடந்துச்சு?"

"தை மாசம்."

"இவர உள்ள கொண்டு போயிருக்கும்போ வெளிய யாரு உக்காந்திருந்தா?"

"நாந்தான்."

"நீ மட்டுமா?"

அவள் தட்டிலிருந்த வெற்றிலையைச் சரிசெய்தாள். அவர் ஸ்டூலில் இருந்த கிளாஸை எடுத்து வாசலுக்கு வெளியே கொட்டினார். கரிசல் மண் அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, தட்டை இரண்டு கைகளாலும் முறையாக வாங்கிக்கொண்டார்.

"மருமவளுக்குச் செய்ய வேண்டிய சீரு வந்துரும். நான் வாரதப் பெறவு பாப்போம். அண்ணன் ஒருத்தன் இருக்கதே ஒனக்கு அன்னைக்கு ஞாபகம் வரலயே. இனி ஒங்க வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

குடிக்காததற்காக என்னை மன்னித்துவிட்டார். சொல்லாததற்காக அவளை மன்னிக்கவில்லை. திரும்பி வரும்போது சாலை ஓரம் முழுவதும் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. கார் கண்ணாடியை ஏற்றியும் அந்த நெடி உள்ளே வந்தது. அவள் முந்தானையால் மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டே வந்தாள். நெடியால்தான் என்று நினைத்தவன் போலவே நான் நடந்துகொண்டேன்.

மற்றப் பத்திரிகைகளை வைக்கக் கிளம்பினோம். சித்திரை வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவது எனக்கு ஒரு வகையில் நல்லதாகவே இருந்தது, உட்கார வேண்டியதில்லை. ஆனால் பத்திரிகை வைக்க வந்தவர்களை வாய் நனைக்காமல் அனுப்புகிற வீடு எங்கள் ஊரில் கிடையாது. வேண்டும் வேண்டாம் என்று கேட்பதும் கிடையாது. நாம் உட்காருவதற்குள் ஃபிரிட்ஜ் திறக்கும், மூடி திருகுகிற சத்தம் கேட்கும், பொங்கப் பொங்க டம்ளர் வந்துவிடும். உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுவேன். வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும், மனைவி தன் காலி டம்ளரை என்னிடம் தள்ளிவிட்டு என்னுடையதை எடுத்துக் குடிப்பாள். ஆரஞ்சு, கறுப்பு, எலுமிச்சை என்று எல்லா நிறமும் அவள் வயிற்றுக்குள் போனது. ஒரு நாள் காரில் ஏறியதும் ஏப்பம் விட்டுவிட்டு, "அந்த டாக்டருக்குப் போன் போடுங்க. எனக்கும் பண்ணி விட்டுறட்டும்," என்றாள். இருவரும் சிரித்தோம். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுதான்.

ஏனென்றால் எல்லா வீட்டிலும் டம்ளருக்கு அடுத்து வந்த கேள்வி ஒன்றே. "மொத பத்திரிகை மாமாவுக்கு வச்சாச்சுல்லா? அவிய எப்ப வாராவ?" முந்தின நாளே வந்துவிடுவார் என்று அவள் சொல்வாள். எனக்கு அந்தச் சமயங்களில் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாது. சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்ப்பேன்.

மச்சானுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒரு மதியம் ஆபீஸ் அலமாரியில் பழைய பாட்டில் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்து, மூடியில் அளந்து ஒரு மூடி மட்டும் குடித்தேன். கேஸ் இல்லாததுதானே என்று எனக்கு நானே சமாதானம். நாற்காலிக்குத் திரும்புவதற்குள் தரை சாய்ந்தது. முன்பு முழு பாட்டிலில் வராத தள்ளாட்டம். பயத்தில் வியர்த்து, தீக்குச்சி மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டேன். தெளிந்த பிறகு அதைவிடப் பெரிய பயம் வந்தது. இன்னொரு மூடி என்று கை மறுபடி அலமாரிப் பக்கம் போனது. அந்தப் பெண் சொன்னது இதைத்தான். பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "இங்கன வந்துருங்க," என்றாள், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மண்டப வாசலில் வேன் வந்து நின்றது. சீர்த்தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அதற்குப் பின்னால், கஞ்சி மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் மச்சான் இறங்கினார். மகளுக்கு மாலை எடுத்துக் கொடுத்தார், கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தார். வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்றார், பந்தியில் நின்று எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். அவர் மட்டும் இலை முன்னால் உட்காரவில்லை. மோர் கொண்டு போனார்கள், கையெடுத்துக் கும்பிட்டார். வாய் வறண்டு, உதடு வெடித்திருந்தது. சொன்னதைச் செய்கிற ஆள்.

பெண்ணை வழியனுப்பி வைத்ததும், யாரிடமும் சொல்லாமல் வேனில் ஏறப் போனார். என் மனைவி பட்டுச் சேலை தடுக்க ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். நான் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, அன்னைக்கு ஒனக்குப் போன் போட்டேன். இவியள உள்ள கொண்டு போன ஒடனே. எனக்குப் பயமா இருந்துச்சு. ரெண்டு ரிங் போச்சு. நீ எடுத்தா அழுதுருவேன்னு கட் பண்ணிட்டேன்."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

மச்சான் வேன் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"அந்த மிஸ்டு கால் வந்துச்சுட்டி. பாத்தேன். மாப்ள கொட்டகைக்கு வராத கோவத்துல நான் திருப்பிக் கூப்பிடல," என்றார்.

கையை நீட்டி டம்ளரை வாங்கினார். வாய் வைத்து, மெதுவாக, மடக்கு மடக்காகக் குடித்தார்.