இடது காலுக்கு வேலையில்லை

என் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். தெருமுனையில் ஒரு சின்ன அறை, வாசலில் ஒரு வெள்ளைக் கார், அதன் தலையில் சிவப்பு எழுத்துப் பலகை. உள்ளே மேஜையில் நான் உட்கார்ந்திருப்பேன். போன் எடுப்பது, யார் எப்போது வரவேண்டும் என்று சொல்வது, கண் கலங்கித் திரும்புகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, எல்லாம் என் பொறுப்பு. நான் சொல்ல வந்தது அண்ணியைப் பற்றி. ஆனால் அண்ணனைச் சொல்லாமல் அண்ணியைச் சொல்ல வழியில்லை.

'மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டா ஆயுசுக்கும் மறக்காது' என்று ஊரில் பேச்சு. மறக்காததற்குக் காரணம் ஒரு ஸ்டீல் ஸ்கேல். கிளட்சை மிதிக்காமல் கியரில் கை வைத்தால் இடது முழங்காலில் அது விழும். "காலு தூங்குதா, மூளை தூங்குதா?" என்பார். பேங்க் மேனேஜருக்கும் அதே அடி, காலேஜ் பையனுக்கும் அதே அடி. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. அவர் அனுப்பிய ஆள் டெஸ்டில் தோற்றதில்லை.

அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைக்கிற வேலை. சக்கரம் சுற்றச் சுற்ற விரல் நுனியால் லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஓரம் பெயர்ந்துவிடும். அண்ணி கையில் பெயர்ந்ததாக அந்தக் கடையில் யாரும் சொன்னதில்லை. கடை ஊரின் மறுகோடியில் இருந்தது, பஸ் மாறிப் போகணும். கல்யாணமான புதிதில் ஒருநாள், "எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்களேன்" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டார்.

முதல் சில நாள் மைதானத்தில் நன்றாகவே போனது. அடுத்து ரயில்வே மேம்பாலம். ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்கவேண்டும். கிளட்சைப் பாதி விட்டு, வண்டி நடுங்க ஆரம்பிக்கிற அந்த இடத்தில் காலை நிறுத்தி, பிரேக்கிலிருந்து வலது காலை ஆக்சிலேட்டருக்கு மாற்றவேண்டும். அண்ணிக்கு அந்த இடம் பிடிபடவில்லை. வண்டி ஒரு உதறு உதறி ஆஃப் ஆனது. மறுபடி எடுத்தார், மறுபடி ஆஃப். பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. பின் சீட்டில் இரண்டு மாணவர்கள் வேறு.

அண்ணன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே இறங்கினார். பாலத்துச் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீயே எடு. எடுக்கிற வரைக்கும் நான் ஏறமாட்டேன்."

"ஏங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ எவ்வளவு லட்சணம்னு ஊருக்கும் தெரியட்டும்."

லாரிக்காரன் இறங்கி வந்து கத்தினான். அண்ணன் அவனிடம், "சம்சாரம்தான். கொஞ்சம் மந்தம்" என்று சிரித்தார். அவனும் சிரித்தான். அண்ணி இன்னும் சில தடவை முயற்சி செய்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பழக்கம் அவருக்கு. அதைக்கூட எடுக்காமல் கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அந்தச் செருப்பை அண்ணன் ஸ்கூல் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். புதிதாக வருகிறவர்கள் என்னவென்று கேட்டால் கதை சொல்வார். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, தோளைக் குலுக்கி, அண்ணி வண்டி எடுப்பதை நடித்துக் காட்டுவார். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அதிலிருந்து அண்ணிக்குப் பேரே 'ஆஃப்' என்று ஆனது. "ஆஃப் எங்க? டீ கொண்டுவரச் சொல்லு" என்பார். அவர்கள் மகள் பேசப் பழகினபோது அம்மா என்று சொல்லவில்லை, "ஆப்பு, ஆப்பு" என்றுதான் கூப்பிட்டாள். அதற்கும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். பல்லைக் காட்டினார் என்று சொல்வதுதான் சரி.

வருஷங்கள் ஓடின. மகள் கல்யாணமாகி வெளியூர் போனாள். ஸ்கூலுக்கு வருகிறவர்கள் வேறு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

"சார், ஆட்டோமேட்டிக் சொல்லித் தருவீங்களா? எங்க வீட்ல அதுதான் வாங்கியிருக்கு."

"எத்தனை பெடல் அதுல?"

"ரெண்டு."

"ரெண்டு பெடலுக்கு எதுக்கும்மா ஸ்கூலு? மூணு சக்கர சைக்கிள் வாங்கிக்கோ. அதுலயும் ரெண்டுதான்."

அப்படிப் பேசியே பலரை அனுப்பினார். கியர் தானாக மாறுகிற வண்டியை ஓட்டுகிறவன் டிரைவர் இல்லை, முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிற பயணி என்பது அவர் கட்சி. "இடது காலுக்கு வேலையில்லாத வண்டி நொண்டிங்களுக்குத்தான்" என்று வாய்விட்டே சொல்வார். டிராஃபிக்கில் கிளட்சை மிதித்து மிதித்து முட்டி வீங்கியவர்கள்கூட அவருக்கு எதிரே வாய் திறக்கமாட்டார்கள். திரும்பிப் போனவர்கள் ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு ஸ்கூலுக்குப் போனார்கள். அங்கே ஆட்டோமேட்டிக் வைத்திருந்தார்கள். அந்த ஸ்கூல் அண்ணியின் கண்ணாடிக் கடைக்கு அடுத்த கட்டடம்.

அண்ணனுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. பெடல் ஓரம் பட்டு இடது கால் கட்டைவிரலில் ஒரு புண். வலி தெரியாததால் ஷூவுக்குள்ளேயே வைத்திருந்தார். நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே மொத்தமாக எடுத்தார்கள்.

வார்டில் காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு அவர் யார் என்று தெரியாது. ஆறுதலாக இருக்கட்டும் என்று, "கவலைப்படாதீங்க சார். உங்க வலது கால் ரொம்ப நல்லா இருக்கு. ஆட்டோமேட்டிக் வண்டி தாராளமா ஓட்டலாம்" என்றாள். அண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டில் ஓரத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி, "நான் ஓட்டுவேன்மா" என்றார். "லைசென்ஸ் வாங்கிட்டேன்."

எனக்கே அப்போதுதான் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் பக்கத்து ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டிருக்கிறார். டெஸ்ட்டும் ஆட்டோமேட்டிக்கிலேயே கொடுத்திருக்கிறார். அண்ணன் திரும்பவில்லை. அவர் முதுகு மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் வெள்ளைக் கார் இல்லை. அது ஏதோ வரி விஷயத்துக்காக அண்ணி பேரில் வாங்கியது, விற்க அவர் கையெழுத்து ஒன்றே போதும். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் நின்றது. கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டு, அண்ணி ஸ்கூலை எடுத்து நடத்தினார். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவன், "இந்தச் செருப்பை என்னக்கா பண்றது?" என்று கேட்டான். "இருக்கட்டும். சுத்தி அடி" என்றார்.

பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அண்ணி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பயந்து நடுரோட்டில் நிறுத்துகிறவர்களிடம், "அவசரமில்லம்மா, மூச்சு விடு" என்பார். அண்ணனையும் குறை சொல்ல முடியாதபடி பார்த்துக்கொண்டார். வேளைக்கு மருந்து, வேளைக்குச் சாப்பாடு, கட்டு மாற்றுவது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. அண்ணனைப் பின் சீட்டில் உட்காரவைப்பார், செயற்கைக் காலைக் கழற்றி டிக்கியில் போடுவார். "சீட் அழுக்காகும்" என்பார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

மாதங்கள் போகப் போக அந்த வண்டியை ஓட்டிப் பார்க்க அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. முதலில் ஜாடையாகச் சொன்னார். "சும்மா எப்படி இருக்குன்னு பாக்கணும்." அண்ணி, "பாக்கலாம்" என்றார். பிறகு நேராகவே கேட்டார். "மைதானத்துக்குள்ள ஒரு ரவுண்டு. அவ்வளவுதான்." அதற்கும் "பாக்கலாம்." அதட்டிக்கொண்டிருந்த மனுஷன், அண்ணி வெளியே கிளம்புகிற நேரமெல்லாம் வாசலில் ஊன்றுகோலோடு வந்து நிற்க ஆரம்பித்தார். பார்க்கச் சகிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி, "வாங்க" என்றார். என்னையும் கூட்டிக்கொண்டார். மைதானத்தில் எங்கள் ஸ்கூல் பெண்கள் இருந்தார்கள், அந்த இன்னொரு ஸ்கூல்காரரும் தன் ஆட்களோடு வந்திருந்தார். அவர்களில் சிலர் அண்ணனிடம் ஒருகாலத்தில் ஸ்கேல் அடி வாங்கினவர்கள். அண்ணி நடுவில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். அண்ணனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டார்.

அந்த வண்டிக்குச் சாவியைத் துளையில் நுழைக்க வேண்டியதில்லை. சாவி வண்டிக்குள் எங்காவது, கைப்பையில் இருந்தால்கூடப் போதும். பிரேக்கை மிதித்து ஒரு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். சாவி வெளியே போய்விட்டால் கிளம்பாது.

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

அண்ணன் பிரேக்கை மிதித்தார், பொத்தானை அழுத்தினார். ஒரு 'பீப்' சத்தம். மறுபடி அழுத்தினார். மறுபடி பீப். ஒருத்தன் சிரித்தான். "மாஸ்டர், காலு தூங்குதா?" என்று இன்னொருவன் கத்தினான். அண்ணன் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். அண்ணி கையைப் பையின் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, சாவி உங்க பையில இருக்கு."

"தெரியும்."

"போய்க் குடுத்துடுங்க அண்ணி. பாவம்."

"கேக்கட்டும். வாயைத் திறந்து கேக்கட்டும், குடுக்கறேன்."

அண்ணன் கேட்கவில்லை. அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். சிரித்தவர்களே ஒரு கட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் வண்டிப் பக்கம் போய்விட்டார்கள். பிறகு அண்ணி போய்க் கதவைத் திறந்து, "இறங்குங்க. பின்னாடி உக்காருங்க" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணி கிளாஸுக்குப் போன நேரமாகப் பார்த்து அண்ணனிடம் சொன்னேன். "அண்ணா, அன்னைக்கு வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல. உன் மேலயும் தப்பு இல்ல. சாவி வெளியில இருந்துச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"சாவி உள்ள இல்லன்னு ஸ்டியரிங்குக்குப் பின்னாடி எழுத்துல காட்டுது. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கேக்கல? கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க."

அண்ணன் மீதியிருந்த காலைத் தடவிக்கொண்டார். "அவகிட்டயா? கேக்கறதா?" என்றார். அதில் இன்னமும் பழைய திமிர் இருந்தது. கூடவே வேறென்னவோ இருந்தது, எனக்கு அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் இதை அண்ணியிடமும் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் தேவலை என்று நினைத்தேன். அண்ணி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். துணி நின்றது. "தெரிஞ்சேதான் அழுத்திக்கிட்டு இருந்தாரா?" என்றார். அவர் முகம் மாறிவிட்டது. கையில் கிடைத்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் "ஏறுங்க" என்பதைக்கூட நிறுத்திவிட்டார். ஹாரன் அடிப்பார், அண்ணன் வருவார்.

அடுத்த வருஷம் அண்ணனின் லைசென்ஸ் முடிகிற மாசம் வந்தது. புதுப்பிக்க அவரே நேரில் போகவேண்டும். டாக்டர் பார்த்து, ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டலாம் என்று மாற்றிக் கொடுப்பார்கள். தனியாகப் போய்வர அவரால் முடியாது. என்னைக் கூட்டிப் போகச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. கடைசி வாரத்தில், அண்ணி டீ வைத்துவிட்டுக் கிளாஸுக்குக் கிளம்பும்போது, அண்ணன் வாயைத் திறந்தார்.

"லைசென்ஸ் முடியுது. ரினியூ பண்ண என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

கேட்டேவிட்டார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

அண்ணி வாசற்படியில் நின்று திரும்பினார். குரலை உயர்த்தவில்லை, கிண்டலும் செய்யவில்லை. மாணவிகளிடம் பேசுகிற அதே நிதானத்தோடு, "எதுக்கு?" என்றார்.

அண்ணன் பதில் தேடினார். நிஜமாகவே தேடினார், கண் அங்குமிங்கும் போனது. வெளியே ஒரு பெண் முதல் நாள் கிளாஸுக்கு வந்து காத்திருந்தாள். அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீ ஆறுது" என்று சொல்லிக் கிளம்பிப் போனார்.

அந்த மாசம் முடிந்தது. லைசென்ஸும் முடிந்தது.