'வருது' என்றால் யார்?

1. பதினொரு தலை

சரிவில் கீழே பதினொரு தலைகள் தெரிந்தன. ஒன்றுகூட இருக்கக் கூடாத இடம் அது.

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்போது நான் மரக் கம்பனியின் அளவுக் கிளாக்கர். விழுந்த மரத்தின் நீளமும் சுற்றளவும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் சுத்தியலால் நம்பர் அடிக்க வேண்டும். லொறியில் ஏறுவதை எண்ண வேண்டும். கம்பனி தொடங்கியது தேயிலைப் பெட்டிக்குப் பலகை அறுக்க. தேயிலையைக் காகித மூட்டையில் கட்ட ஆரம்பித்ததும் பெட்டி வேலை ஒழிந்தது. உடனே அந்தக் காகிதத்துக்கே கூழ்மரம் அனுப்பிப் பிழைத்துக்கொண்டது. பிறகு அதுவும் நின்றது. நான் சேர்ந்தபோது 'கூழ்மரம்' என்ற சொல் நானுஓயா மர ஆலையின் பெயர்ப்பலகையில் மட்டும் மிச்சம் இருந்தது. விற்றதெல்லாம் தோட்டங்களில் நின்ற டர்பன்டைன் மரம். யூகலிப்டசை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

அன்று அந்தப் பதினொரு பெண்களும் வேறு மலையில் கொழுந்தெடுக்க வேண்டியவர்கள். இரவு முழுக்க மழை பெய்ததால் அங்கே போகும் பாதை வழுக்கியது. கங்காணி அவர்களை நாங்கள் மரம் வெட்டிய இடத்துக்குக் கீழே இருந்த மலைக்குக் கூட்டி வந்துவிட்டார். எங்களுக்குத் தகவல் சொல்ல ஆளில்லை. பனி சற்று விலகியபோதுதான் பார்த்தேன். எண்ணி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் மண் சரியும் சத்தம் கேட்டது.

முந்தின நாள் விழுத்திய மரத்தின் அடிப்பக்கத்துக் கட்டை அது. உருளாமல் இருக்க முளையடித்து நிறுத்தியிருந்தோம். மழையில் மண் இளகி, முளை பிடுங்கிக்கொண்டது.

மரம் வெட்டுகிற குணபால கட்டை நகர்ந்ததைக் கண்டார். "வருது! வருதோவ்!" என்று முழுத் தொண்டையில் கத்தினார். அவர் சிங்களவர். கீழே இருப்பவர்கள் தமிழர்கள் என்பதால் எச்சரிக்கையைத் தமிழில் கொடுக்க வேண்டும் என்பது கம்பனி விதி. அதற்காகவே அந்தச் சொல்லைப் பழகி வைத்திருந்தார்.

கீழே ஒருத்தியும் நிமிரவில்லை. எல்லோரும் இன்னும் குனிந்தார்கள். கைகள் வேகமாக ஓடின. ஒருத்தி பேசிக்கொண்டிருந்த போனை அவசரமாக இடுப்பில் செருகினாள்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. தோட்டத்தை மேற்பார்க்கும் சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் வளைவில் தெரிந்ததும் நிரையின் முதல் பெண் 'வருது' என்பாள். அது நிரை நிரையாகக் கடைசிவரை போகும். முகத்துக்கு முன்னால் 'ஐயா வாறாரு'. முதுகுக்குப் பின்னால் அவர் அஃறிணை. 'வருது' என்றால் அவர்களுக்கு ஒரே பொருள்தான்: பேச்சை நிறுத்து, குனி, கொழுந்தைப் பறி.

"ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினேன். காற்று எதிர்க்காற்று. மேலிருந்து ஓர் ஆண் அதட்டுவது மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டிருக்கும். கைகள் இன்னும் வேகமாக ஓடின. கட்டை ஒரு வேரில் மோதி, குறுக்காகத் திரும்பி உருள ஆரம்பித்தது.

"குளவீ!" என்றேன். "குளவி! குளவி!"

பதினொரு பேரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தேயிலைச் செடிகளைத் தாண்டிக் கீழ்நோக்கி ஓட முடியாது. நிரைக்கு நடுவே பக்கவாட்டில்தான் ஓடலாம். அவர்களைக் காப்பாற்றியது அதுதான். அவர்கள் நின்ற இடத்தைக் கட்டை உழுதுகொண்டு போய், கீழே பாதையில் விழுந்து நின்றது.

நான் இறங்கி எண்ணினேன். பத்து.

திரும்பவும் எண்ணினேன். பத்து.

"செல்லம்மாக்காவ காணோம்" என்றாள் புஷ்பம். போனைச் செருகியவள் அவள்தான். கட்டைக்கு அடியில் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. என்னோடு இறங்கிய குணபால மண்டியிட்டுப் பார்த்தார். "நே மாத்தயா" என்றார். அடியில் யாரும் இல்லை.

தண்ணீர் வடியும் கானுக்குள், கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சீலை ஒன்று அசைந்தது. அதைத் தலைவரை இழுத்துப் போர்த்தி, செல்லம்மா குப்புறப் படுத்திருந்தார்.

"போயிருச்சாங்க?" என்றார்.

"எது?"

"குளவிதாங்க. ஒங்கள எத்தன கொட்டுச்சு கிளாக்கரையா? மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போயிருக்கு?"

2. விசாரணை

கம்பனி மெனேஜரும் சின்னத்துரையும் வந்தார்கள். "வருதுன்னு கத்தியிருக்காங்க. ஏன் ஓடல?" என்று மெனேஜர் கேட்டார்.

"வருதுன்னா நாங்க குனியத்தானேங்க செய்வோம்" என்றாள் புஷ்பம். "எங்களுக்கு வாறது ஒன்னே ஒன்னுதான்."

"எது அது?" என்றார் சின்னத்துரை.

பின்வரிசையில் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தி இருமினாள்.

கம்பனி விதியை மாற்றியது. மரம் விழும்போதும் கட்டை நகரும்போதும் இனி 'குளவி' என்றே கத்த வேண்டும். பட்டிப்பொலப் பக்கத்தில் வெட்டிய ஆட்களுக்கும் அதே உத்தரவு. மெனேஜர் என் தோளில் தட்டினார். இந்தச் சொல்லுக்கு எத்தனை நாள் ஓடுவார்கள் என்ற கவலை எனக்கு.

3. இரண்டு குளவி

நான் பயந்தது நடந்தது. ஆரம்பத்தில் ஓடினார்கள். பிறகு நடந்தார்கள். ஒருநாள் குணபால வழக்கம்போல 'குளவி' என்று கத்தியபோது, செல்லம்மா கூடையை இறக்காமல் நிமிர்ந்து, வாயில் கைகுவித்து மேலே கேட்டார்:

"மரக் குளவியா, நெசக் குளவியாங்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றார்.

அன்று மரம் வேறு பக்கம் சாய்ந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டர்பன்டைன் உச்சியில் உண்மையாகவே குளவிக் கூடு இருக்கிறது. நாளைக்கு அது கலைந்து இன்னொருத்தி 'குளவி' என்று அலறினாலும் இவர்கள் இப்படியே நின்று விவரம் கேட்பார்கள். உயிர் போகிற நேரத்துக்கென்று அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதை நாங்கள் வாங்கிக் கெடுத்துவிட்டோம்.

மெனேஜரிடம் போனேன். "குளவிய அவுங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருங்க."

"அப்ப என்னத்தக் கத்துறது கிளாக்கர்? தெனம் ஒரு புதுச் சொல்லா?"

"கத்த வேணாங்க. கீழ ஆள் இருந்தா மரம் அறுக்குற சோவைத் தொட வேணாம். நான் எறங்கி எண்ணிட்டு வாறேன். சைபர் வந்தப்பொறம் தொடட்டும்."

"வேலை தாமசமாகும்."

"ஆகுங்க."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே, செய் என்றார்.

மறுநாள் இறங்கிப் போனேன். கங்காணியோடு நிரை நிரையாக எண்ணி, எல்லோரையும் பக்கத்து மலைக்கு அனுப்பினேன்.

"மரத்த எண்ணி முடிச்சிட்டு இப்ப எங்கள எண்ண வந்துட்டாரு" என்றார் செல்லம்மா. "நான் பதினொன்னு. போட்டுக்கங்க. ஆனா அந்தச் சுத்தியலால நம்பர் அடிச்சிராதீங்க சாமி!"

மரவேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எச்சரிக்கைக்கு நல்ல சொல் கிடைத்துவிட்டது என்று மேலேயே நின்றுவிடாதீர்கள். நீங்கள் சொல்வது ஒன்றாக இருக்கும், கீழே கேட்பது இன்னொன்றாக இருக்கும். இறங்கிப் போய் எண்ணுங்கள். சைபர் வந்த பிறகும் ஒருமுறை கானுக்குள் எட்டிப் பாருங்கள்.