மாப்பிள்ளையை மருமகனாக்கிய பாக்குத் துண்டு

நேற்று என் பேத்தியின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அவளுக்கே மருமகனாகிவிட்டார்.

எல்லாம் என் பாட்டிக்குப் பாட்டி ராக்காயியால் வந்தது.

மஸ்கெலியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்ததும், நான் வழக்கம்போல ராக்காயி கதையை எடுத்தேன். (பேத்தி கண்ணைக் காட்டினாள். நான் பார்க்கவில்லை.)

"திருச்சிப் பக்கத்துல இருந்து பிள்ளைகளோட நடந்தும் தோணியிலயும் இலங்கைக்கு வந்தவங்க. வழியில பெருமழை. ஆள் கூட்டி வந்த கங்காணி கையில இருந்த குடைய வெடுக்குனு புடுங்கி பிள்ளைகளுக்குப் புடிச்சிட்டாங்க. திருப்பியும் குடுக்கல. இங்க வந்து அந்தத் துணிய மகளுக்குப் பாவாடையா தச்சுப் போட்டாங்க. அந்த மக வழிதான் நாங்க."

மாப்பிள்ளையின் தாத்தா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தக் குடையோட காம்பு எங்க வீட்டுல இருக்குங்க. ராக்காயி மகன் அத ஊண்டிக்கிட்டுத்தான் கடைசிவரைக்கும் நடந்தாரு. அவரு வழிதான் நாங்க."

என் மகளின் முகம் வெளுத்துவிட்டது. பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி முறையாகிவிட்டால் நிச்சயம் அதோடு நின்றுவிடும்.

"பயப்படாத, முறை பாத்துருவோம்" என்றேன். (நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் முறை சொல்வதில் இந்தத் தோட்டத்தில் என்னை ஜெயிக்க ஆளில்லை.)

வெற்றிலைத் தட்டில் தலைமுறைக்கு ஒரு பாக்குத் துண்டாக இரண்டு வரிசை வைத்தேன். ஒன்று மகள் வழி, ஒன்று மகன் வழி. ஒவ்வொரு துண்டுக்கும் பெயரும் சொன்னேன், பெருமையும் சொன்னேன்.

பிறகு மேலிருந்து ஜோடி ஜோடியாக முறை சொல்லிக்கொண்டு வந்தேன்: ஒரு படி அண்ணன் தங்கச்சி, அடுத்த படி மாமன் மகன் அத்தை மகள், இப்படி மாறி மாறி.

பேத்தியின் துண்டு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நேரே நின்றது. அண்ணன் தங்கச்சி. அவருக்குக் கீழே மாப்பிள்ளை தனியாக நின்றார்.

"அப்ப இவ எனக்கு அத்தையா?" என்றார் மாப்பிள்ளை.

அவருடைய தாத்தா, "வேன்காரர எழுப்புங்க" என்றார்.

பேத்தி அழவில்லை. தட்டின்மேல் குனிந்து எண்ணினாள்.

"அம்மாயி, இதுல உங்க அம்மா எங்க?"

என் நாக்குதான் முதலில் கண்டுபிடித்தது. கதை சொன்ன ருசியில் என் தாயை எடுத்து வாயில் போட்டு, பாதி மென்றிருந்தேன்.

"பெத்த அம்மாவையே மென்னுட்டீங்களே, சம்பந்தி" என்றார் தாத்தா.

புதுத் துண்டை வைத்ததும் பேத்தி ஒரு படி இறங்கி மாப்பிள்ளைக்கு நேரே வந்தாள். மாமன் மகன், அத்தை மகள். உரிமைப் பெண்ணேதான். தட்டை மாற்றிவிட்டோம்.

அதே கணக்கில் அந்தத் தாத்தா எனக்கு மாமன் மகன். வேனில் ஏறும்போது, "அத்த மகளே, கல்யாணத்தன்னிக்கு வெத்தலைத் தட்டுப் பக்கம் வந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். (வந்த முதல் நாளே உரிமை.)

துணி எங்களிடம் வந்தது, காம்பு அவர்களிடம் போனது. அப்படியென்றால் கம்பிகள் யாரிடம்? ராக்காயிக்கு இன்னொரு பிள்ளையும் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய குடைக்கம்பி ஏதாவது கிடக்கிறதா? சொல்லுங்கள், பத்திரிகை வைக்க வேண்டும். பாக்கை நீங்களே கொண்டுவந்தால் நல்லது.