முங்காத ஆமை

மாம்புரிக் கரையில் வள்ளங்களுக்குப் படம் கீறுகிற முத்தலிபு நானா கீறின மீனெல்லாம் குருடு என்று ஊரில் ஒரு பகிடி உண்டு. அதைப் பரப்பினவர்களில் நானும் ஒருவன். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற பக்கத்து வளவுக்காரன் என்றால் அந்த உரிமைகூட இல்லாமலா?

தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த சாறனோடு வந்தவர். முதலில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதினார். பிறகு கிறிஸ்தவ மீன்பிடிக்காரர்களின் வள்ளங்களில் பாரை, சூரை, ஆமை என்று கீறத் தொடங்கினார். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்றபோதும், இந்தக் கடலைப் பார்த்துக் கை பழகிவிட்டது என்று இருந்துவிட்டார். உயிருள்ளதைக் கீறினால் மறுமையில் 'இதற்கு உயிர் கொடு' என்று கேட்கப்படும் என மௌலவி எச்சரித்தார். நானா இரண்டு நாள் யோசித்துவிட்டு, எல்லாவற்றையும் கீறிக் கண்ணை மட்டும் விட்டுவிட்டார். மார்க்கத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் இப்படி ஒரு சந்து வெட்டின ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விட்ட கண்ணை வள்ளக்காரரின் மனைவி வைப்பாள். பாதர் தீர்த்தம் தெளித்ததும் விரல் நுனியில் கறுப்புப் பெயின்ட் தொட்டு ஒரு பொட்டு. கண் வைக்காத வள்ளத்தில் எந்தப் பெண்ணும் தன் புருஷனைக் கடலுக்கு விடமாட்டாள்.

நானாவிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் கீறுவார். போனில் படம் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விடிந்ததும் கரையில் போய்க் குந்துவார், அன்றைக்குக் கடல் காட்டியதை மனதில் வைத்துக்கொண்டு வருவார்.

கொழும்புக் கடலில் கப்பல் ஒன்று எரிந்த வருஷம், கடல் காட்டியதெல்லாம் வேறாக இருந்தது. மணலில் சவ்வரிசி போல வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. மீன்களும் ஆமைகளும் செத்து ஒதுங்கின. கப்பலால்தான் என்றார்கள் சிலர், இல்லை என்றார்கள் சிலர். ஒதுங்கின ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நானா நெடுநேரம் குந்தியிருந்தார். பதினொரு ஆமை வரை நான் எண்ணினேன், பிறகு அந்தப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசியில் கடல் அடங்க, யாக்கோபு புது வள்ளம் இறக்கினான். நானாவிடம் ஆமை கேட்டான். மூன்று நாளில் கீறி முடித்தார். ஓட்டின் ஒவ்வொரு சில்லும் அப்படியே இருந்தது. பாதர் வருவதற்கு நான்கு நாள் முந்தி யாக்கோபின் மனைவி மக்தலேனா பார்க்க வந்தாள். பதினைந்து வருஷம் கரையில் மீன் வெட்டினவள். வள்ளத்தைச் சுற்றி நடந்தாள், திரும்ப வந்து படத்துக்கு முன்னால் நின்றாள்.

"நானா, இது செத்த ஆமை."

"என்ன கதை புள்ள இது?"

"கழுத்தப் பாருங்க, முழுக்க வெளிய நீண்டு கிடக்கு. கையெல்லாம் தொங்குது. செத்ததுக்கு நான் கண் வைக்கமாட்டன். இவர் இதில ஏறவும் மாட்டார்."

நானா எழும்பிக் கரை நெடுக நடந்தார், நான் பின்னால் போனேன். கப்பல் எரிந்த பிறகு அவர் கீறின ஏழு வள்ளங்கள் வரிசையாக நின்றன. பாரை வாய் பிளந்திருந்தது. சூரையின் வயிறு ஊதியிருந்தது. ஏழு வள்ளத்திலும் ஒன்றுகூட நீந்தவில்லை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெண் நம்பிக்கையோடு வைத்த கறுப்புக் கண் எங்களைப் பார்த்தது. எங்களில் ஒருவர் கண்ணிலும் இது இதுவரை படவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"தம்பி, உசிரோட ஒரு ஆமை கையை எப்படி வெச்சிரிக்கும்? எனக்கு ஞாபகம் வருகுதில்ல" என்றார்.

படத்தைத் தேய்த்து அழித்தார். மூன்று விடியலும் கரையில் காத்திருந்தார், ஆமை வரவில்லை. நான்காம் நாள் பின்னேரம் பாதர் வருவதாக இருந்தது. அன்று காலை யாக்கோபு தன் அண்ணனின் பழைய வள்ளத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு போனான்.

பாருக்கு அப்பால், அந்தக் கடலடிப் பாறைத்தொடர் முடிகிற இடத்தில், ஒரு ஆமை தெரிந்தது. உயிரோடு, தண்ணீருக்கு மேலேயே. யாக்கோபு எஞ்சினை நிறுத்தினான். நானாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் முன்பு கண்டதில்லை. கொப்பியை விரித்து அரை மணித்தியாலம் கீறினார். ஆமை துடுப்புகளை இறக்கை மாதிரி உயர்த்தி உயர்த்தி அடித்தது. தலையைக் கீழே அமுக்கியது. எங்களை விட்டுப் போகவே இல்லை.

"பார்த்தியா யாக்கோபு, எனக்காக நிண்டு தருகுது."

யாக்கோபு குனிந்து ஆமையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஆமை நிக்காது நானா. எஞ்சின் சத்தம் கேட்டாலே முங்கிரும். இது முங்கப் பாக்குது, ஏலுதில்ல. வயித்துக்குள்ள என்னத்தையோ திண்டு காத்தடைச்சுப் போச்சு. இப்பிடியே மிதந்து மிதந்து செத்துரும்."

நானா பென்சிலை வைத்தார். ஆமை இன்னொருமுறை தலையை அமுக்கியது. பின்பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி நின்றது. தூக்கிக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். எங்கே கொண்டுபோவது என்று கேட்டான் யாக்கோபு.

பின்னேரத்துக்குள் அதை அப்படியே வள்ளத்தில் கீறினார். அவருக்குக் கீற வேறு ஆமை இல்லை. தீர்த்தம் தெளித்ததும் மக்தலேனா விரலில் பெயின்டோடு வந்தாள். உயர்ந்த துடுப்புகளையும் ஆழத்தைத் தேடுகிற தலையையும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"இப்பதான் நானா இதுக்கு உசிர் இருக்கு" என்று சொல்லிக் கண் வைத்தாள்.

யாக்கோபு கடலைப் பார்த்தபடி நின்றான். நான் மணலைப் பார்த்தேன். நாங்கள் மூவரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு முத்தலிபு நானா வள்ளங்களில் பெயர் மட்டும் எழுதுகிறார். ஆனால் காலையில் யாக்கோபு கரையேறும் நேரம் தவறாமல் அங்கே நிற்பார். மக்தலேனா மீன் கூடையை இறக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும் கிட்டப் போய் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஒரு ஆமையாவது முங்கிச்சா?"

யாக்கோபு ஒருநாளும் ஓம் என்று சொன்னதில்லை.