ஊருக்குப் போன ராசம்மாவின் கொழுந்து

ஐம்பத்து நாலாம் வருடம், தைப்பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவந்த ராசம்மா, இலங்கையின் கொட்டகலையில் ரயிலேறித் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் போய்விட்டாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு தகரப்பெட்டி, அவ்வளவுதான் அவள் சாமான். வழியனுப்பப் போன பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வேலாயி அழுதுகொண்டே திரும்பினாள். பாதி அழுகை ராசம்மாவுக்கு, பாதி பள்ளிக்கூடத்துக்கு.

தேயிலை விலை இறங்கிவிட்டது, பள்ளிக்கூடத்து மாஸ்டர் பொன்னையாவுக்கு இனித் தோட்டம் சம்பளம் தராது, வேண்டுமானால் பெற்றவர்கள் கொடுக்கட்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். ஆம்பளைகள் கோயில் வாசலில் கூடினார்கள். வேலாயியின் புருஷன் மாயாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "படிச்சிட்டு என்னா, கொழுந்துக்கு வாசிச்சிக் காட்டவா போறாங்க?" சிரிப்போடு கூட்டம் கலைந்தது. அவர்கள் மகள் சண்முகவடிவு மூன்றாம் வகுப்பில் இருந்தாள். பள்ளிக்கூடம் மூடினால் அவளுக்கும் கூடைதான்.

பெண்கள் கொடுக்கலாமென்றால் கையில் காசு வந்தால்தானே? அவர்கள் எடுக்கும் கொழுந்துக்கான சம்பளத்தைப் புருஷனோ அப்பனோ கைநாட்டு வைத்து வாங்கிக்கொள்வான். வாங்க ஆளில்லாததால் ராசம்மா ஒருத்திதான் தன் சம்பளத்தைத் தானே வாங்கியவள்.

ராசம்மா போன மறுநாள் விடிய, ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்ட கணக்கப்பிள்ளை நல்லமுத்து, பழக்க தோஷத்தில் "ராசம்மா" என்றார்.

"பின்னால வர்றாங்க" என்றாள் வேலாயி. வாய் முந்திக்கொண்டது.

அன்று கொழுந்து நிறுக்குமுன் நாலைந்து பெண்கள் ஆளுக்கு இரண்டு பிடி அள்ளிப் போட்டு இன்னொரு கூடையை நிரப்பினார்கள்.

"எங்க ராசம்மா?" என்றார் நல்லமுத்து.

"காய்ச்சலுங்க. கொழுந்து மட்டும் வந்திருக்கு."

"காய்ச்சல்லயே இம்புட்டு எடுக்கிறாளே, நல்லாயிட்டா மலையையே சுரண்டிருவா போல" என்று சொல்லிக்கொண்டே நல்லமுத்து எழுதினார். அவர் மகனும் அதே பள்ளிக்கூடந்தான்.

சம்பளத்தன்று ராசம்மாவுக்காக வேலாயி போய் நின்றாள். வாங்கிய காசு அப்படியே மாஸ்டர் கைக்குப் போனது. மூன்று மாதம் இப்படி ஓடியது. நாலாவது மாதம் துரையே சம்பள மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ராசம்மா எங்கே?"

பொய் சொன்னால் தோட்டத்தை விட்டே விரட்டுவார்கள், உண்மை சொன்னாலும் விரட்டலாம். மாயாண்டியும் வரிசையில் நின்று முறைத்தான். வேலாயி ஓரடி முன்னால் வந்தாள்.

"ஊருக்குப் போயிட்டாங்க தொரை. கொழுந்து நாங்க எடுத்தது. காசு மாஸ்டருக்கு."

துரை நல்லமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். "கொழுந்து நெசமா வந்துச்சா?"

"ஒவ்வொரு றாத்தலும் நிறுத்தேனுங்க."

துரை பேனாவை எடுத்துப் பேரேட்டில் ராசம்மா பேரை அடித்தார். பேனா நிற்கவில்லை. அதே இடத்தில் பொன்னையா என்று எழுதியது. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் பார்க்க அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. மாஸ்டர் இல்லாத பள்ளிக்கூடத்தைக் காட்டி யார் பதில் சொல்வது?

"கொழுந்து குறையக் கூடாது" என்றார். "மாஸ்டரும் பெரட்டுக்கு வரணும்."

மறுநாள் பனியில் வெள்ளை வேட்டியோடு மாஸ்டர் வந்து நின்றார். "பொன்னையா!" "வந்தேனுங்க." பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எம் பொண்டாட்டி அடுத்த ஆம்பளைக்குக் கொழுந்து எடுக்கிறா" என்று மாயாண்டி ஊரெல்லாம் முனகினான். எடுக்காதே என்று மட்டும் சொல்லவில்லை.

மழையிலும் வெயிலிலும் மாஸ்டரின் கூடை நிரம்பிக்கொண்டே இருந்தது. கொழுந்து குறைந்த மாதங்களில் வேலாயி தன் பங்கைக் கூட்டிப்போட்டுவிட்டு வீட்டில் வசவு வாங்கினாள். சண்முகவடிவு ஐந்தாவது முடித்து, ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய், படித்தும் முடித்தாள். அப்புறமும் வேலாயி நிறுத்தவில்லை. மற்றவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள்.

அறுபத்து மூன்றில் ஒரு காலை, பெரட்டு கலையுமுன் நல்லமுத்து எல்லாரையும் நிற்கச் சொன்னார். கொழும்பிலிருந்து தகவல் வந்திருக்கிறதாம். நம் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க மானியம் கிடைத்துவிட்டது, மாஸ்டர் சம்பளம் இனி அதிலிருந்து வரும்.

"எப்பலருந்துங்க?" என்றாள் வேலாயி.

"இந்த மாசத்துலருந்தே. இனிமே அவருக்குக் கொழுந்து போட வேணாம்னு தொரை சொல்லிருக்காரு."